‘ஏ’ செக்‌ஷன் அருள்தாஸ் சார்

அருள்தாஸ் சார் இன்று காலை போய்விட்டார். கேஜிஎஃப் நந்திதுர்க்கில், அவர் வீட்டிலேயே... தூக்கத்தில். அதிலும் மனிதர் கொடுத்து வைத்தவர்.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு இங்கிலீஷை நாங்கள் இருவரும் பங்கு போட்டுக்கொண்டோம். ‘ஏ’ செக்‌ஷன் அவருக்கு, ‘பி’ எனக்கு. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு.

அந்தத் தடுப்பைத் தாண்டி எனக்கு வந்ததெல்லாம் சிரிப்புச் சத்தம்தான். இடைவேளையில் எட்டிப் பார்த்து, “இன்னா சார், உங்க பசங்க இவ்ளோ அமைதியா இருக்காங்க... தூங்கிட்டாங்களா?” என்பார்.

தூங்கவில்லை. என் நோட்ஸை எழுதிக்கொண்டிருந்தார்கள். பூதிகோட்டை வரைக்கும் ஜெராக்ஸில் போன நோட்ஸ் அது.

அவர் நோட்ஸே கொடுக்க மாட்டார். சண்டைக்கு வரும் அம்மாக்களிடம், “உங்க பையன் இன்னா நெனைக்கிறான்னு அவன்தாம்மா எழுதணும்” என்பார். அவர்கள் நேராக என்னிடம் வந்து நோட்ஸ் வாங்கிப் போவார்கள்.

மார்க் என் செக்‌ஷனுக்குத்தான் அதிகம். இன்றைக்கு வேறு யாரும் இதைச் சொல்லப்போவதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியரின் பிள்ளை அவர் வகுப்பிலேயே படிக்கக் கூடாது என்பது எங்கள் பள்ளி வழக்கம். அதனால் என் மகள் ஷீலா ‘ஏ’ செக்‌ஷனுக்குப் போனாள்.

அந்த வருஷம் கடலைப் பற்றி ஒரு கவிதை. எழுதியவருக்குக் கடலைக் கண்டால் பயம். கேஜிஎஃப்பில் கடலுக்கு எங்கே போவது? “கடல் பரந்தது, ஆழமானது” என்று எழுதிப்போட்டு நான் பாடத்தை முடித்தேன்.

அவரோ, “உங்க வீட்ல யாருக்கு எதக் கண்டா பயம்னு கேட்டு எழுதிட்டு வாங்க” என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டார்.

ஷீலா என்னைக் கேட்கவில்லை. என் அப்பாவைக் கேட்டாள்.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அருள்தாஸ் சார் சொன்னார். “சார், உங்க அப்பாவுக்கு ரிட்டயர் ஆவுற வரைக்கும் கேஜ்ல எறங்க பயமாம். கண்ண மூடிக்கினுதான் எறங்குவாராம். பாப்பா எழுதியிருக்கு... இன்னாமா எழுதியிருக்கு சார்!”

வேலைக்காலம் முழுக்க அந்தக் கூண்டு லிஃப்டில் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கியவர் என் அப்பா. அவருக்குப் பயம் இருந்தது என்பதைப் பக்கத்து செக்‌ஷன் வாத்தியார் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

“தெரியும் சார்” என்றேன்.

சாயந்திரம் ஷீலாவிடம், என்னை ஏன் கேட்கவில்லை என்றேன். “உனக்கு எதுக்குமே பயம் கிடையாதுன்னு நீதானேப்பா சொல்லுவே?” என்றாள்.

ஷீலா இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. வீடியோ காலில் பேண்டேஜைப் பார்த்து, “நல்லா போட்டிருக்காங்கப்பா” என்றாள்.

இன்று காலை சாரின் செய்தியைச் சொன்னேன். லீவு உடனே கிடைத்துவிட்டது.

போனில் ரொம்ப நேரம் அழுதாள்... இந்த அழுகையில் எனக்கு எவ்வளவு ஒதுக்கியிருப்பாள் என்று யோசித்துக்கொண்டே கேட்டேன். கடைசியில், “ஃபேஸ்புக்ல நீ எழுதுப்பா. நோட்ஸ் மாதிரி எழுதாதே” என்றாள்.

முயன்றிருக்கிறேன்.

நாளை மதியம் அடக்கம். ‘ஏ’ செக்‌ஷன் மொத்தமும் வரும், சொல்லத் தேவையில்லை. ‘பி’ செக்‌ஷன்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவசியம் வரவும்.

ஷீலா சாயந்திர ரயிலில் வருகிறாள். இந்த வாரம் முழுக்க வீட்டில் இருப்பாளாம். போன கிறிஸ்துமஸுக்கு வந்தவள் மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிட்டாள்.

அதற்கும் நீங்கள்தான் வேண்டியிருந்தது, சார்.

போய் வாருங்கள்.