மூன்றாவது ஓலை

எங்கள் ராயப்பன்பட்டிக் கோயிலில் ஒரு கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். பூசை முடிகிற நேரத்தில் சாமியார் ஒரு தாளை எடுத்து, இன்னார் மகனும் இன்னார் மகளும் திருமணம் செய்யவிருக்கிறார்கள், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று படிப்பார். சிறுவயதில் யாராவது எழுந்து நின்று எதையாவது போட்டு உடைக்க மாட்டார்களா என்று ஆவலோடு திரும்பிப் பார்த்திருக்கிறேன். தொண்ணூற்றெட்டில் என் பெயரை வாசித்தபோது அந்த ஆவலுக்கெல்லாம் சேர்த்துத் தண்டனை கிடைத்தது. அறிந்த ஆள் நான்தான்.

எனக்குப் பதின்மூன்று வயதிலிருந்து வலிப்பு உண்டு. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மதுரையில் ஒரு டாக்டருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தேனியில் வாங்கினால் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடும் என்று மாத்திரையைக்கூட மதுரையில்தான் வாங்குவோம். அட்டையை அம்மா ஜெபமாலைப் பெட்டிக்குள் வைத்திருப்பாள். பெண் பார்க்க வந்தவர்கள் என் தாடையில் இருந்த தழும்பைக் கேட்டபோது, திராட்சைப் பந்தல் கல்தூணில் இடித்துக்கொண்டாள் என்றாள். அது பொய்யில்லை. நான் ஏன் போய்த் தூணில் விழுந்தேன் என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

மாப்பிள்ளை குமுளிக்கு மேலே ஒரு ஏலக்காய் ஸ்டோரில் எடை பார்க்கிற வேலையில் இருந்தார். கல்யாணம் முடிந்தால் நான் அந்த மலையில், பகல் முழுக்கத் தனியாக இருக்க வேண்டும்.

முதல் ஓலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன்: "அவுகளுக்குச் சொல்லிருவோம்மா."

"வாயத் தொறந்தே, அம்புட்டுதான். மாதாட்ட நேர்ந்திருக்கேன், சொகமாயிரும். இப்பப் போயிச் சொன்னா ஒனக்கு விசுவாசம் இல்லேன்னுதான் அர்த்தம்" என்றாள்.

பயந்தால் பாவம், சொன்னால் அதைவிடப் பாவம். அம்மாவின் விசுவாசம் மலையையே நகர்த்தும், ஆனால் ஜெபமாலைப் பெட்டியைத் திறந்து காட்டாது. எனக்குக் கோபமாக வந்தது. கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. சொன்னால் இந்தச் சம்பந்தம் போகும், பிறகு வேறு யாரும் வர மாட்டார்கள். அதை நானும் அறிந்திருந்தேன்.

கடவுளே முடிவு சொல்லட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்தேன். எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதுதான். எனக்குக் கிடைத்த பக்கத்தில் குதிரைகள் எத்தனை, கோவேறு கழுதைகள் எத்தனை என்று எழுதியிருந்தது. மறுபடி திறந்தேன். வம்சவரலாறு. மூன்றாவது முறை திறக்கத் தைரியம் வரவில்லை, அங்கே நேரான பதில் இருந்துவிட்டால் என்ன செய்வது?

இரண்டாவது ஓலையும் வாசித்தார்கள். வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். இத்தனை பேர் கண்ணெதிரே பெட்டியைத் திறக்க முடியாது என்று அம்மா இரண்டு நேரம் மாத்திரை தரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அடுப்பில் பால் வைத்திருந்தேன். பொங்கி வருவதைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது தீய்ந்த வாடையும், முக்கால்வாசிப் பால் அடுப்பில் கிடந்ததும், சேலைத் தலைப்பு நெருப்புக்கு நாலு விரல் தள்ளித் தொங்கியதும்தான். விழவில்லை. நின்றபடியே எங்கோ போய்த் திரும்பியிருக்கிறேன். இதுவே மலைமேல் தனியாக, மடியில் ஒரு குழந்தையோடு என்றால்? கடவுளிடம் அடையாளம் கேட்பதை அத்தோடு நிறுத்தினேன். இதற்கு மேல் எந்த அடையாளத்தை அனுப்புவார் அவர்?

மறுநாள் ஜாக்கெட் தைத்து வாங்கி வருகிறேன் என்று உத்தமபாளையம் போய், ஒரு எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டு ஏலக்காய் ஸ்டோருக்குப் போன் போட்டேன். மறுமுனையில் எடுத்தவர் மலையாளத்தில் யாரென்று கேட்டார். மாப்பிள்ளையைக் கூப்பிடச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடின. வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று மூன்று முறை நினைத்தேன். அவர் குரல் வந்தது.

"எனக்கு வலிப்பு இருக்கு. சின்ன வயசுலருந்து மாத்திரை சாப்பிடுறேன். ஒங்க வீட்ல யாருக்கும் தெரியாது" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

மறுமுனையில் யாரோ பேசிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி. வச்சிர்றேன்" என்றார். வைத்துவிட்டார்.

ஜாக்கெட்டை வாங்க மறந்து வீடு திரும்பினேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். சனிக்கிழமை அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்து, "குடியக் கெடுத்திட்டியே ஆத்தா" என்று மட்டும் சொன்னாள். அன்றிரவு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் என்ன வாசகம், என்ன பிரசங்கம், ஒன்றும் காதில் ஏறவில்லை. சாமியார் தாளை எடுத்தார். மூன்று ஜோடிகள். முதல் ஜோடி எங்களுடையதில்லை. இரண்டாவதும் இல்லை. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். மூன்றாவதாக என் பெயரை வாசித்தார்.

எல்லாரும் எழுந்து போன பிறகும் என்னால் எழ முடியவில்லை. பயம் போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை சம்மதித்துவிட்டாரா, இல்லை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பத்தான் தாமதமா?

வெளியே சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். விடியற்காலை பஸ்ஸில் மலையிறங்கி வந்திருக்கிறார். இரவெல்லாம் தூங்காத முகம்.

"அன்னைக்கு ஆபீஸ்ல நாலு பேர் நின்னாக. பேச வரல" என்றார். பிறகு, "எங்கம்மாட்டச் சொல்லிட்டேன். ரெண்டு நாளா அழுகுறாக. நிப்பாட்டச் சொல்லல. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

நான் தலையாட்டினேன். பயம் என்ற சொல்லை என்னைத் தவிர இன்னொருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டையும் பேனாவையும் எடுத்தார். "எங்க ஊர்க் கடையில சொல்லி வரவைக்கணும். மாத்திரை பேரு என்னா?"

அந்தப் பெயரை நான் வெளியாள் முன்னால் சொன்னதே இல்லை. நாக்குக் குழறியது. பெயரையும் எத்தனை மில்லிகிராம் என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சைக்கிள் சீட்டின் மேல் டிக்கெட்டை வைத்து எழுதினார். நாலடி தள்ளி, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தபடி நின்றிருந்த அம்மா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"முந்நூறுன்னு எழுதிராதீக மாப்பிள்ளை, நூறு" என்றாள். "ரெண்டு நேரம். சாப்பாட்டுக்கு அப்புறம்."