செத்ததாக எழுதிய மீன்குஞ்சுகள்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் மீன் என்ற பேச்சு மச்சாவதாரத்தோடு சரி. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு ஐம்பதுகளின் கடைசியில், திருச்சியில், மீன் வளர்ப்பு ஆபீஸில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அரசாங்க வேலை, வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அம்மா இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "பேப்பரைத் தொடு. மீனைத் தொட்டுடாதே."

தொடவில்லை. ஏரி குளங்களில் கட்லா மீன் வளர்க்க அரசாங்கம் முனைந்திருந்த காலம் அது. குஞ்சு விடுமுன் விரால்களைப் பிடித்து அகற்ற வேண்டும், விட்ட பிறகு ஒரு வருஷம் வலை போடக் கூடாது என்று விதிகள் வந்தபடி இருந்தன. எல்லாவற்றையும் நான்தான் நகல் எடுத்தேன். மீனைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பும் வந்துவிட்டது.

ஒரு நாள் இன்ஸ்பெக்டருக்குக் காய்ச்சல். கல்கத்தாவிலிருந்து ரயிலில் வரும் குஞ்சுகளை ஜங்ஷனில் பெற்று, திருவெறும்பூர் தாண்டி ஓர் ஏரியில் விடுவதை மேற்பார்வையிட என்னை அனுப்பினார்கள். தகர டின்களோடு இறங்கினார் எங்கள் ஃபீல்டுமேன். நாற்பது வயசுக்காரர், பல வருஷமாகத் தற்காலிக ஊழியர். தண்ணீரில் காற்று கலக்க வேண்டும் என்பதற்காக வழி நெடுகக் கையால் அடித்துக்கொண்டே வந்திருந்தார். உள்ளங்கைகள் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தன.

"இந்த லோடு பிழைச்சா நிரந்தரம் பண்றோம்னு சொல்லியிருக்காங்க சார்" என்றார்.

பாதிக்கு மேல் செத்தால் கொண்டுவந்தவரே பொறுப்பு என்பது விதி. அதையும் நான்தான் நகல் எடுத்திருந்தேன்.

ஏரிக்கரையில் டின்களைத் திறந்தார். தள்ளி நின்று எட்டிப் பார்த்தேன். கண்ணிமை முடி அளவுக் குஞ்சுகள் அடியில் குவிந்து, அசையாமல் கிடந்தன. வெயில் வேறு, பசி வேறு. எனக்கு எரிச்சலாக வந்தது. படிவத்தில் "அனைத்தும் இறந்துவிட்டன" என்று இங்க் பென்சிலால் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அந்த எழுத்து அழியாது. அழியக் கூடாது என்றுதான் அரசாங்கம் அந்தப் பென்சிலைக் கொடுத்திருந்தது.

உள்ளே சூடு தணியட்டும் என்று அவர் டின்களை ஏரித் தண்ணீரில் கழுத்தளவு இறக்கி வைத்தார். ஒரு கை ஏரித் தண்ணீரை அள்ளி உள்ளே விட்டார். கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு கை. கிளம்பலாம் என்று நான் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

"கையை விட்டுப் பாருங்க சார்."

"செத்ததைத் தொட்டு என்ன பார்க்கிறது?"

"விட்டுப் பாருங்களேன்." டின்னை என் பக்கம் நகர்த்தினார்.

விட்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு விரலிடுக்கில் ஒரு சின்ன முட்டல். இன்னொன்று. அப்புறம் கை முழுக்க, தூறல் விழ ஆரம்பித்த மாதிரி. கண்ணுக்கே சரியாகத் தெரியாத உயிர்கள் என் கையை முட்டிக்கொண்டு மேலே வந்தன. உடம்பெல்லாம் புல்லரித்தது. பெருமாள் சந்நிதியில் திரை விலகும்போதுகூட நான் அப்படி நின்றதில்லை. சொன்னால் அபசாரம், ஆனால் உண்மை. அவர் டின்னைச் சாய்க்க, அவை ஏரிக்குள் போவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

படிவத்தில் கீழே "பெரும்பாலானவை உயிருடன் உள்ளன" என்று சேர்த்தேன். அடுத்த வாரம் மெமோ வந்தது. இறந்த குஞ்சுகள் உயிர் பெற்றது எவ்வாறு? மூன்று நாளில் விளக்கம் தரவும். அதுவரை ஃபீல்டுமேனின் நிரந்தர உத்தரவு நிறுத்திவைக்கப்படுகிறது.

விளக்கம் எழுத வீட்டில் உட்கார்ந்தேன். அவர் சொன்னதை நம்பி மாற்றி எழுதினேன் என்றால் நான் தப்பிக்கலாம், அவர் தொலைந்தார். உண்மையைச் சொன்னால் என் வேலைக்கே ஆபத்து. என்னடா முழிக்கிறாய் என்று அம்மா கேட்டாள். கையை விட்டது உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வசவுக்குக் காத்திருந்தேன்.

"உயிரோட இருந்துதா?" என்றாள்.

"இருந்துதும்மா. என் கையை முட்டித்து."

"அப்போ அதை எழுதேன். இதுல என்ன யோசனை?"

தொட்டுப் பார்க்காமல் எழுதியது என் பிழை என்று எழுதிக் கொடுத்தேன். அவருக்கு நிரந்தரம் வந்தது. எனக்கு சர்வீஸ் புத்தகத்தில் ஒரு கண்டனம் ஏறியது. அடுத்த லோடுக்கும் என்னையே அனுப்பியபோது, படிவத்தை எடுக்குமுன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.