மஞ்சள் பல்பும் அஞ்சடி வெயிலும்

போன சனிக்கிழமை எட்டுப் பெண்கள் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் நான் வேலை பார்க்கும் துணிக்கடைக்கு ஒரு விற்பனைப் பெண் தேவை. "நீயே பாத்து எடுத்துடு" என்று முதலாளி என் தலையில் கட்டிவிட்டார்.

கேள்வி கேட்க வேண்டியவள் நான். ஆனால் உள்ளங்கை வேர்த்தது யாருக்கு? எனக்குத்தான்! பல்லி கத்தினாலே பதறுகிறவள் நான் என்பது வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியாதா என்ன?

அந்த எட்டுத் தாள்களைப் புரட்டியபோது, பத்து வருஷத்துக்கு முன்னால் இதே கடையில் நான் கொடுத்த தாள் ஞாபகம் வந்தது. பெயர், விலாசம் எல்லாம் எழுதிவிட்டு, 'படிப்பு' என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். நாலாம் வகுப்பு என்று எழுதக் கை வரவில்லை.

அப்போது என் வீட்டுக்காரர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை விழுந்து, கால் ஒடிந்து படுத்திருந்தார். இந்த வேலை கிடைக்காவிட்டால் பிள்ளைகளோடு நாத்தனார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். நாத்தனாரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன்... வேண்டாம், விடுங்கள்.

துணிக்கடையில் பெண்களை வேலைக்கு வைப்பது அன்றைக்குப் புதுசு. உள்பாவாடை வேண்டுமென்று ஆண்களிடம் கேட்கப் பெண்கள் கூச்சப்படுகிறார்கள் என்பதால் முதலாளிக்கு வந்த யோசனை. இருந்த இடம் ஒன்று. வந்தவர்கள் இரண்டு பேர் — நானும் சரோஜாவும். சரோஜா ஏழாவது வரை படித்தவள். இங்கிலீஷ் பேசுவாள். சிரித்தால் கன்னத்தில் குழி வேறு!

கடையின் மூத்த விற்பனையாளர் மாணிக்கம் அண்ணன் என் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா, படிப்புங்கிற எடத்துல ஒண்ணையும் காணோம்? மை தீந்து போச்சா?"

"நாலாவதுண்ணே."

"நாலாவதா! பரவால்ல லா, சேலைக்கும் நாலு மூலதான்."

முதலாளி நாகூர்க்காரர். அதிகம் பேசமாட்டார். "மத்தியானம் வரைக்கும் ரெண்டு பேரும் யாவாரம் பண்ணுங்க. பாக்குறேன்" என்றார். அதுதான் இன்டர்வியூ.

ஒரு மணி நேரத்தில் சரோஜா மூன்று சேலை விற்றுவிட்டாள். என்னிடம் வந்தது, மகளின் பரிசத்துக்குச் சேலை எடுக்க வந்த ஓர் அம்மா. பத்துச் சேலையைப் பிரித்துப் போட்ட பிறகு அரக்கு நிறத்தில் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முடிந்தது, பேப்பரில் சுற்றிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

என் மனசு சும்மா இருந்தால்தானே? தலைக்கு மேலே மஞ்சள் பல்பு. வெளியே போனால் இந்த நிறம் மாறிவிட்டால்? பரிசத்தன்று பத்துப் பேர் முன்னால் இந்த அம்மா என்ன செய்வார்?

"அக்கா... எதுக்கும் வெளிய ஒரு தடவ வெச்சுப் பாத்துடுங்களேன்."

கடைவாசலில் இருக்கும் அஞ்சடி நடைபாதைக்கு நானே சேலையை எடுத்துப் போய் வெயிலில் விரித்தேன். உள்ளே அரக்கு. வெளியே... காப்பித்தூள்!

"ஐயையோ, நல்ல காரியத்துக்கு இதையா கட்டுறது?" என்று அந்த அம்மா சேலையை என் கையில் கொடுத்துவிட்டு அப்படியே படி இறங்கிப் போய்விட்டார்.

மாணிக்கம் அண்ணன் தலையில் கைவைத்தார். "முதலாளி, பாத்தீங்களா? வந்த யாவாரத்த வாசல் வரைக்கும் கொண்டுபோயி வழியனுப்பி வெச்சிடுச்சு!"

மத்தியானம் முதலாளி சரோஜாவிடம், "திங்கக்கிழமை வந்துடு" என்றார். இருந்த ஒரே இடமும் போய்விட்டது. குடையை எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வேறோர் அம்மா உள்ளே நுழைந்தார். கையில் ஒரு சேலை. ஒரே தண்ணியில் சாயம் மொத்தமும் இறங்கியிருந்தது. குரல் பக்கத்து ஜாலான் புசார் ரோடு வரை கேட்டிருக்கும். "யாருய்யா இத எனக்கு வித்தது? முன்னால வாங்க!"

விற்றவர் மாணிக்கம் அண்ணன். அவருக்குத் திடீரென்று பின்கட்டில் அவசர வேலை வந்துவிட்டது. சரோஜா சிரித்தாள். அந்த அம்மாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

எனக்கோ வேறு கவலை. "அக்கா, கூட ஊறப் போட்ட துணியெல்லாம் என்னாச்சு? வெள்ளை வேட்டி ஏதும் இருந்துச்சா?"

அந்த அம்மா பேச்சை நிறுத்தினார். "இருந்துச்சும்மா. அவரு வேட்டி. ரோஸ் கலராப் போச்சு."

"அடப்பாவமே! அவரு ஏசினாரா?"

"ஏசாம?"

உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். வேட்டியின் கதை முழுவதும் கேட்டேன். பிறகு முதலாளியின் முகத்தைப் பார்த்தேன், தலையை ஆட்டினார். வேறு சேலை எடுத்துக் கொடுத்தேன் — அஞ்சடி வெயிலில் காட்டிவிட்டுத்தான். போகும்போது அந்த அம்மா கேட்டார்: "நீ நாளைக்கும் இருப்பியா?"

முதலாளிதான் பதில் சொன்னார். "இருக்கும், இருக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ விக்க வேணாம் தாயி. திருப்பிக் கொண்டாரவங்கள மட்டும் பாத்துக்க."

சிரிக்கத் தெரிந்த ஆள்தான் கடைக்கு வேண்டும் என்கிறார்கள். சரிதான். ஆனால் சிரித்து விற்ற சேலை திரும்பி வரும்போது? கவலைப்படத் தெரியுமா என்று எந்தத் தாளிலாவது ஓர் இடம் விடுகிறார்களா?

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். ஏழு பேர் டாண் டாணென்று பதில் சொன்னார்கள். எட்டாவது பெண் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிப்பு என்ன என்று கேட்டேன்.

"அக்கா, மழ வர்ற மாதிரி இருக்கு. வெளிய தொங்குற துணியெல்லாம் நனைஞ்சுடாது? எடுத்து உள்ள வெச்சுட்டு வந்து சொல்லவா?"

அவளைத்தான் எடுத்தேன்.

ஆனால் அந்த மற்ற ஏழு பேர்... இந்நேரம் வேறு எங்காவது வேலை கிடைத்திருக்குமா?