சுடுமணலில் ஏறிப் படுத்த நாய்

திருவாலங்காட்டுக் கரும்புக் கொல்லையை விட்டு ஒரு மைல் வந்திருப்பேன், நாய் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டது. மார்கழிக் காலை. ரோட்டோரத்துப் புல்லெல்லாம் பனியில் நனைந்து கிடந்தது. கோபித்துக்கொண்டு கிளம்பியவன் நான்தான். நாய்க்கு யார்மேலும் கோபமில்லை, இடுப்புதான் எழவில்லை. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

தினமும் காலையில் அதன் காலைத் தேய்த்துவிட்டுத்தான் வேலைக்கு இறங்குவேன். அன்றைக்கும் தாமதம். வெட்டு மேஸ்திரி, "நீ கரும்பு வெட்ட வந்தியா, நாயப் பார்க்க வந்தியா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். நாயைப் பார்க்கத்தான் என்று தோன்றியது. அதையே சொன்னேன். அப்புறம் அங்கே எனக்கு வேலை இல்லை.

வயதான செவலை நாய். எந்த ஊரில் என் பின்னால் வரத் தொடங்கியதோ, நினைவில்லை. வெயில் காலத்தில் நன்றாகத்தான் இருந்தது. குளிர் வந்ததும் பின்னங்கால் மூட்டு இரண்டும் வீங்கி, எழுந்தால் நாற்காலி மாதிரி நின்றது. நானும் என்னென்னவோ செய்தேன். வேப்பெண்ணெய் தேய்த்தேன், நக்கிவிட்டு நாளெல்லாம் தும்மியது. செங்கல்லைச் சுட்டுச் சாக்கில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். சாக்கு புகைந்து, கொட்டகையில் படுத்திருந்த ஆட்கள் எல்லோரும் எழுந்து ஓடினார்கள். கோணியில் கால் விட ஓட்டை போட்டு ஒரு சட்டை தைத்து மாட்டினேன். அதற்கு அது பிடித்திருந்தது. ஊர் நாய்களுக்குத்தான் பிடிக்கவில்லை, ஏதோ புது மிருகம் வந்துவிட்டதென்று ஒரு பர்லாங்கு தள்ளி நின்று குரைத்தன.

அந்தச் சட்டையோடுதான் என் தோளில் கிடந்தது. முந்தின இரவு வெறும் தரையில் படுத்தது, வெகுநேரம் எழ முடியாமல் தவித்தது. இன்னும் ஒரு இரவு அப்படிப் படுத்தால் எழுந்திருக்காது என்று எனக்குப் பட்டது. திருத்தணியில் கிருத்திகைக் கூட்டம் இருக்கும், கூட்டம் இருந்தால் அடுப்பு எரியும், அடுப்போரமாக ஓர் இடம் கேட்கலாம். என் திட்டம் அவ்வளவுதான்.

அரக்கோணம் பக்கத்திலிருந்து வந்த காவடிக் கூட்டம் ஒன்றோடு சேர்ந்துகொண்டேன். எல்லோர் தோளிலும் காவடி. என் தோளில் நாய்.

"இது இன்னா காவடிப்பா?" என்றார் மஞ்சள் வேட்டி கட்டிய ஒருவர்.

"நாய்க் காவடி."

"முருகனுக்கு மயிலுதான்பா வாகனம். நாயி பைரவருதாச்சே. வழி மாறி வந்துகினு கீறியா?"

"பைரவருக்குக் கூட்டம் கம்மிங்க. கூட்டத்தோட வந்தாத்தான சோறு கெடைக்கும்."

அவர் சிரித்த சிரிப்பில் அவர் காவடி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. கூட்டம் 'அரோகரா' என்றது. என் காதோரத்தில் நாய் தலையைத் தூக்கி ஊளையிட்டது. ஒரு நொடி எல்லோரும் நின்றார்கள். மறுபடி 'அரோகரா' என்றார்கள். மறுபடி ஊளை. அதற்கப்புறம் சாமிக்காகப் பாதி, நாய்க்காகப் பாதி என்று அரோகரா போட்டுக்கொண்டே வந்தார்கள். சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள்; நாய்க்குத்தான் முதல் உருண்டை. வேலை போய், கையில் ஒன்றுமில்லாமல், கழுத்தெலும்பு நோக நடந்த அந்த நாளைப்போல நான் சிரித்த நாள் குறைவு.

வெயில் இறங்கியபோது திருத்தணி வந்தது. மலைக்காற்று ஜில்லென்று அடித்தது. கூட்டம் இரவு தங்க அடிவாரத்து மண்டபத்துக்குள் போனது. வாசலில் காவல்காரர் கையை நீட்டி என்னை மறித்தார்.

"ஆளு உள்ள வா. நாயி வெளிய."

"வெளியதாங்க குளிரு ஜாஸ்தி."

"அதுக்கு நான் இன்னா, சொட்டரா பின்னித் தரமுடியும்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. உள்ளேயும் வெறும் கல்தரைதான். மலையடிவாரத் தெருவில் ஒவ்வொரு அடுப்பாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். டீக்கடைக்காரன் துரத்தினான். இட்லிக்கடைக்காரி கரண்டியைக் காட்டினாள்.

அதற்கடுத்தது பொரிக்கடை. புருஷனும் பெண்டாட்டியும் நடத்தினார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். மணலைக் காயவைத்து, உப்புத்தண்ணீரில் ஊறிய அரிசியை அதில் போட்டுப் புரட்டினால் பொரி பூக்கும். அன்றைய வேலை முடிந்து, சட்டியிலிருந்த மணலை அடுப்போரத்தில் குவித்துவிட்டு, அவர் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவள் காலை நீட்டி உட்கார்ந்து, துணியில் முடிந்த சுடுமணலை முட்டியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் நாய் என் தோளிலிருந்து நழுவியது. காலையிலிருந்து நடக்காத நாய், நாலு காலில் நடந்து, அந்தக் குவியலில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது. வெந்நீரில் இறங்கின ஆள் மாதிரி நீளமாக ஒரு முனகல் விட்டது.

"பாவா, நாயி," என்றாள் அவள். புருஷனை அவள் பாவா என்றுதான் கூப்பிட்டாள்.

"ஆங், பார்த்தேன்."

"பார்த்துகினு இன்னா உக்காந்துகினு கீற? நாளைக்குக் கிருத்திகை. நாயி படுத்த மணல்லயா சாமிக்குப் பொரி வறுக்கறது?"

அவர் அவளுடைய முட்டியைப் பார்த்தார். "நீ தெனம் முட்டிக்குக் கட்றியே, அது எந்த மணலு?"

"அது நான் தனியா எடுத்துக்கறது."

"அதுவும் தனியாத்தான் எடுத்துகினு கீது. கொஞ்சம் ஜாஸ்தியா எடுத்துகிச்சி."

அவள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் நாயைத் தூக்கப் போனேன். அவள் தடுத்தாள்.

"வுடு. கெட்டது கெட்டுப்போச்சி, எழுப்பி இன்னா பண்ணப்போற? நாளைக்கு மணலுக்கு வழி சொல்லு. மணல் கொண்டாற வண்டிக்காரன் காவடி எடுத்துகினு மலைக்குப் போய்ட்டான்."

"ஆத்துலருந்து நான் கொண்டாறேன்."

"ஓடிட்டீன்னா?"

"நாயி இங்கதான கீது."

"கெழட்டு நாய வுட்டுட்டு ஓடறவன் எத்தினி பேரு."

"ஏ, ஓடறவனா இருந்தா வர்ற வழியிலயே வுட்டுட்டு ஓடியிருப்பான்," என்றார் அவர். "இம்மாந் தூரம் தோள்ல போட்டுகினு வந்து இங்கயா வுடுவான்?"

அவள் எழுந்து, நாயின் பக்கத்தில் மணலைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். கை தாங்காத சூடு நாய்க்கும் ஆகாது என்று ஆறின மணலை அள்ளிக் கலந்தாள். தன் முட்டியிலிருந்த முடிச்சை அவிழ்த்து அதன் இடுப்பில் வைத்தாள். நாயின் கோணிச் சட்டையைப் பார்த்து, "இதத் தச்ச கை மணல் அள்ளத்தான் லாயக்கு," என்றாள். நான் அடுப்புக்கு இந்தப் பக்கம் சுருண்டேன்.

விடிவதற்கு முன்னால் ஏதோ என் முகத்தை நக்கியது. கண் திறந்தேன். நாய் நின்றுகொண்டிருந்தது, நாற்காலி மாதிரி இல்லை, நாய் மாதிரி. முன்னங்காலை நீட்டி, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது.

"அந்தக் குவியலு இனிமே அதுக்குத்தான்," என்றாள் அவள், அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே. "சாயந்திரம் தணல்ல காயவச்சிப் போடு. பனி போறவரைக்கும் மணல் கொண்டாறதும் சலிக்கறதும் உன் வேலை. சம்மதமா?"

சம்மதம் என்றேன். இரண்டு கூடை, ஒரு சல்லடை கொடுத்தாள். நந்தியாற்றில் இறங்கி, களிமண் கலக்காத இடமாகப் பார்த்து மணல் அள்ளி, அலசி, சலிக்க ஆரம்பித்தேன்.