இரண்டாம் சீசனுக்கு வாதாடிய பொன்னம்மா

நெல்லிவாசல்நாட்டிலிருந்து இறங்கி வந்த ஷேர் ஜீப்பின் ஓட்டுநர் என் வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே சொன்னார்: "டீச்சர், நர்ஸம்மா காலையில போய்ட்டாங்க. சாயங்காலம் எடுக்கறாங்க. வர்றீங்களா?" போனேன். என் வயதில் துக்க வீட்டுக்குப் போவது பழகிய வேலை. பழக்கத்தால் அலுப்பு குறைவதில்லை.

மலைக்காரர்களான உங்களில் பலர் பொன்னம்மாவை ஊசியோடு சேர்த்துத்தான் நினைவு வைத்திருப்பீர்கள். இந்த மலையில் பிறந்து, இங்கேயே செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். வானாய்வகத்தில் வேலை பார்த்த என் கணவர் இறந்த பிறகும் நான் காவலூரை விட்டுப் போகவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்த பொன்னம்மா தினமும் மாலையில் டி.வி. தொடர் பார்க்க என் வீட்டுக்கு வருவார்.

விபத்தில் கணவனை இழந்த பெண் அவனுடைய லாரியைத் தானே ஓட்டப் புறப்படும் கதை அது. முதல் சீசன் அருமையாக இருந்தது. நான் எளிதில் பாராட்டுபவள் அல்ல. மருத்துவமனைக் காட்சி வந்தால் பொன்னம்மாவுக்குப் பொறுக்காது. "வெறும் டியூப ஒட்டி வெச்சிக்கிறான் பாருங்க. இவன் எப்டி பொழைப்பான்?" மறுநாள் அந்த நோயாளி இறந்தான். "நான் சொல்லல?"

இரண்டாம் சீசனில் அந்தப் பெண் ஒரு மெக்கானிக்கை மணந்துகொண்டாள். தாலி கட்டும் காட்சியிலேயே டி.வி.யை அணைத்தேன்.

"முதல் சீசனைக் கெடுத்துட்டாங்க."

"இன்னா கெட்டுப்போச்சி? கட்டிக்கினா, அவ்ளோதான?"

பொன்னம்மாவே முதல் கணவர் இறந்த பின் மறுமணம் செய்துகொண்டவர். இந்த மலை மக்களிடையே அது பேச்சுக்குரிய செய்தியே அல்ல. ஊர்ப் பெரியவர்கள் கூடி, கணவனை இழந்தவளிடம் சம்மதமா என்று கேட்டு, நாள் குறிப்பார்கள். என் வீட்டில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. நானும் நினைக்கவில்லை. "மொத ஆளும் நல்ல மனுசந்தான் டீச்சர். ரெண்டு பேருல யாரு ஒசத்தின்னு பாக்க எனக்கு நேரமே கெடைக்கல" என்று சிரித்தார்.

பிறகு நோய் வந்தது. இரண்டாம் கணவரோடு அவருடைய ஊரான நெல்லிவாசல்நாட்டுக்கே போய்விட்டார். அந்த வீட்டில் டி.வி. இல்லை. "கத இன்னா ஆச்சின்னு வந்து சொல்லுங்க" என்று ஜீப்காரரிடம் சொல்லி அனுப்பினார். சொல்வதற்காக, நான் விட்ட தொடரை மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. வாரந்தோறும் இடுப்பு வலியோடு ஜீப்பில் ஏறினேன். ஒரே அழுகையை மூன்று பக்கத்திலிருந்து காட்டுகிறார்கள் என்று குறை சொன்னால், "அத்த அப்பால சொல்லுங்க. அந்த மெக்கானிக்கு அவள நல்லா பாத்துக்கிறானா?" என்பார்.

கடைசியாகப் போனபோது அவருடைய கணவர் சாமைக் கஞ்சியை இரண்டு பாத்திரங்களில் மாற்றி மாற்றி ஆற்றிக்கொண்டிருந்தார். பொன்னம்மா அவரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நெசமா சொல்லுங்க டீச்சர். உங்களுக்கு சீசன் டூ புடிக்கலையா, அவ கட்டிக்கினது புடிக்கலையா?"

"கடைசி எபிசோட் முடியட்டும், சொல்றேன்."

"டீச்சருன்னா டீச்சர்தான். முழு பேப்பரும் திருத்தாம மார்க் வராது."

எபிசோட் முடியும்வரை அவர் இருக்கவில்லை.

துக்கம் கேட்டுத் திரும்பிய வாரத்தில் அந்தக் கடைசி எபிசோட் வந்தது. தனியாக உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். பொன்னம்மா, இரண்டாம் சீசன் முதலுக்கு ஈடில்லை. வசனம் மோசம், இழுவை அதிகம். இதில் நான் இறங்கி வர மாட்டேன். ஆனால் அவள் மணந்துகொண்டதில் ஒரு குறையும் இல்லை. அன்று எனக்குப் பிடிக்காமல் போனது அதுதான். பழியைத் தொடரின் மேல் போட்டேன்.

நீங்கள் அவரிடமிருந்து ஊசித் தழும்பை வைத்திருப்பீர்கள். நான் வைத்திருப்பது, இந்த மலையில் வேறு யாரும் என்னிடம் கேட்கத் துணியாத ஒரு கேள்வியை.