அறுபது அடி வாய்க்கால்

பெரம்பலூருக்கு வருகிறவர்கள் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்ப்பார்கள், வாலிகண்டபுரம் கோயிலுக்குப் போவார்கள். நான் அறுபது அடி நீளத்துக்கு மண்டிக் கிடக்கும் ஒரு புதரைப் பார்க்கப் போனேன். அந்தப் புதர் இன்னும் அங்கே நிற்பதற்கு நானும் ஒரு காரணம்.

காலை 7.10. பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் அரியலூர் பஸ் ஏறினேன். புரட்டாசி கடைசி. ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் மக்காச்சோளம், நடுநடுவே பருத்தி. பேரளியைத் தாண்டி இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லிப் பதினெட்டு ரூபாய் கொடுத்தேன்.

"அங்க ஸ்டாப்பிங் கிடையாதும்மா. மேட்டுல நிறுத்தச் சொல்றேன், இறங்கிக்குங்க" என்ற நடத்துநர், சில்லறையைத் தடவிக்கொண்டே கேட்டார். "வெங்காயம் அழுகுன ஊருதான?"

ஆமாம் என்றேன். பஸ்ஸுக்கெல்லாம் தெரிந்துவிட்டதே என்று இருந்தது.

விஷயம் இதுதான். மேலே ஒரு ஏரி, பெரம்பலூர் மாவட்டம். கீழே ஒரு ஏரி, அரியலூர் மாவட்டம். மேல் ஏரி நிறைந்து வழிந்தால் ஒரு வாய்க்கால் வழியாகக் கீழ் ஏரிக்குத் தண்ணீர் போகும். ஊர்ப் பெயர்களை எழுதப் போவதில்லை; மேலூர், கீழூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயரை எழுதினால் இரண்டு ஊர்க்காரர்களும் என்னைத் திட்டுவார்கள். மழை ஒரு வருடம் பொய்ப்பதும் மறு வருடம் ஒரே நாளில் கொட்டித் தீர்ப்பதுமாக ஆகிவிட்டதால், இரண்டு ஊரும் சேர்ந்து நீரைக் காப்பதென்று போன வருடம் ஒரு கூட்டுக் குழு அமைத்தோம். இரண்டு மாவட்டம் கைகோத்தது என்று பேனர் கட்டி, போட்டோ எடுத்துக்கொண்டோம். எங்கள் தொண்டு நிறுவனத்தின் சார்பில் ஒப்பந்தத்தை எழுதியவள் நான். "அவரவர் ஊர் எல்லை வரை அவரவர் தூர்வார வேண்டியது." சண்டையே வராத வாக்கியம் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை வேறு.

இரண்டு ஊரும் சொன்ன சொல் தவறவில்லை. ஜேசிபி வைத்து, தங்கள் வரைபடத்தில் கோடு முடிகிற இடம் வரை சுத்தமாக வாரினார்கள். ஆனால் நடுவில் அறுபது அடி, மேலூர் வரைபடத்தில் கீழூரில் இருந்தது. கீழூர் வரைபடத்தில் மேலூரில் இருந்தது. அதை யாரும் தொடவில்லை. முன்பெல்லாம் மெதுவாகக் கசிந்து வந்த தண்ணீர், வாரிய வாய்க்காலில் ஆவணி மழைக்குப் பாய்ந்து வந்து அந்தப் புதரில் முட்டியது. கரையை உடைத்துக்கொண்டு பக்கத்து வயலில் இறங்கியது.

7.55. மேட்டில் இறங்கி முக்கால் கிலோமீட்டர் நடந்தேன். வயல் தெரிவதற்கு முன்பே அழுகல் நாற்றம் வந்துவிட்டது. வயல் பூங்கொடியுடையது. நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் குவைத்தில் டிரைவர். வீட்டு ரேஷன் கார்டு பெரம்பலூர், நிலத்துப் பட்டா அரியலூர். ஐப்பசி நடவுக்கான விதை வெங்காயத்தைக் களத்தில் பட்டறை போட்டு வைத்திருந்தார். குச்சி நட்டு, ஓலை வேய்ந்து, காற்றோட்டமாகச் சின்ன வெங்காயத்தைக் காக்கிற நீளமான கூடு அது. தண்ணீர் பாதிப் பட்டறையை அடியோடு நனைத்துவிட்டது. மீதிப் பாதி நின்றது.

"இதுவும் போச்சுன்னா நடவு இல்லீங்க" என்றார் பூங்கொடி. "அடுத்த மழைக்குள்ள அந்தப் பொதர எடுத்து வுட்டாப் போதும். வேற ஒண்ணும் கேக்கல."

இன்று எடுத்துவிடுவார்கள், அதற்காகத்தான் எல்லோரையும் வரச் சொல்லியிருக்கிறேன் என்றேன். தெற்கே வானம் கறுத்திருந்தது.

9.30. கீழூரிலிருந்து ஆரோக்கியசாமி வாத்தியார் ஜேசிபியோடு வந்தார். ஏரி நிறைய வேண்டுமே என்ற கவலை அவருக்கு. வண்டி புதரில் கை வைக்கப் போன நேரத்தில் மேலூர்க் குழுவின் ராமசாமி நான்கு பேரோடு வந்து குறுக்கே நின்றார்.

"வாத்தியாரே, எங்க எல்லையில உங்க வண்டி எறங்கக் கூடாது."

"ஆவணியில நீங்கதானங்க இது கீழூர் எல்லைன்னு சொன்னீங்க?"

"அப்ப தெரியாம சொல்லிட்டோம். இன்னைக்கி நீங்க வாருனா, நாளைக்கி வாய்க்கா எங்களுதும்பீங்க. அப்பறம் எங்க ஏரி மதகுல வந்து நிப்பீங்க."

"சரி, அப்ப நீங்களே வாருங்க."

"நாங்க வாருனா, வருசா வருசம் நாங்கதான் வாரணும்னு எழுதிருவீங்க."

நேற்று வரை இரண்டு ஊருக்கும் வேண்டாத அறுபது அடி, இன்று இரண்டு ஊருக்கும் மானப் பிரச்சினை. யாராவது ஒருவர் தூர்வாருங்கள், எல்லையைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று கெஞ்சினேன். எழுத்தில் இருப்பதை நீங்களே மாற்றலாமா என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்கள். பூங்கொடி நனையாத வெங்காயத்தை வீட்டுப் பக்கம் ஏற்ற முடியுமா என்று கூடையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவையும் வைக்க வீட்டில் இடமில்லை.

11.00. ஜேசிபி டிரைவர் அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். இரண்டு மாவட்ட சர்வேயர்களையும் ஒன்றாக வரவழைத்து அளப்பது, அதுவரை யாரும் கை வைப்பதில்லை என்று முடிவானது. இரண்டு ஊரும் ஒரே மனதாகச் சம்மதித்த ஒரே விஷயம் அதுதான். மனுவை என்னை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அவர்கள் போன பிறகு பூங்கொடி கேட்டார்.

"அந்த எல்லைக் கணக்க எழுதுனது நீங்கதானா?"

"நான்தான்."

"அத எழுத வந்தன்னைக்கி இந்த வழியாத்தான போனீங்க. எங்க வூட்ல தண்ணி வாங்கிக் குடிச்சீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, இந்தத் துண்ட யாரும் வார மாட்டாங்கன்னு சொல்லியிருப்பனே."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "பஸ்ஸு வந்துரும், போங்க" என்று கூடையை எடுத்துக்கொண்டார்.

12.20. மனுவைக் கொடுக்க அரியலூர் பஸ் ஏறினேன். ஊர் நெருங்க நெருங்கச் சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதி. சாலையோர வேப்பமரங்கள் வெளுத்து நின்றன. ஊருக்குள் நுழையும்போது மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை, கொட்டல். பக்கத்தில் இருந்த அம்மா ஜன்னலைப் பாதி திறந்து கையை நீட்டி நனைத்துக்கொண்டார்.

"நல்ல மழைங்க. இந்த வருசம் தப்பிச்சுக்கலாம்."

ஐந்து வருடமாக மழைக்காகவே ஊர் ஊராகப் பேசி வருகிறவள் நான். நிற்க வேண்டும், இப்போதே நிற்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டேன். திருச்சியில் என் வீட்டில் மழை வந்தால் மாடியில் காயும் துணியை எடுக்க ஓடுவோம், அவ்வளவுதான்.

செல்பேசியை எடுத்தேன். கூட்டுக் குழு என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். ராமசாமி, வாத்தியார், இரண்டு ஊராட்சித் தலைவர்கள், ஜேசிபி டிரைவர்கூட இருந்தார். பூங்கொடியின் எண் இல்லை. நான் கேட்டு வாங்கவே இல்லை.