கருவண்டு இருந்த மரம்

மூதூரில் பெண்பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் வீடு அவளுக்குத்தான். ஸெய்னுதீனும் மகள் ஷிஃபானாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவியோடு பின்பக்கம் இறக்கிய சாய்ப்புக்கு மாறினார். மனைவி மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டாள். மகளும் மருமகனும் கத்தாரில். பெரிய வீடு பூட்டிக் கிடக்க, இவர் இன்னமும் சாய்ப்பில். "மகள்ட வீட்டில நான் எப்பிடிக் கால நீட்டிப் படுக்கிற?" என்பார், கேட்க ஆளிருந்தால்.

திருகோணமலைக்கு ஓடிய லாஞ்சுப் படகில் இஞ்சின் இரைச்சலோடேயே வாழ்ந்த மனுஷன். அமைதி ஒத்துவரவில்லை. சாய்ப்பின் கூரை மரத்தைத் துளைத்து ஒரு கருவண்டு குடிவந்ததும், ஆள் வந்ததுபோல இருந்தது. கூட்டம் சேராத சாதி அது. தானே துளைத்து, தானே மகரந்தம் சுமந்து, அறை அறையாக முட்டையிட்டது. பகலெல்லாம் தலைக்கு மேலே ரீங்காரம், பாயெல்லாம் மரத்தூள்.

"மாரிக்கு முதல் அந்த மரத்த மாத்துங்க வாப்பா, தலையில விழப்போகுது" என்று ஷிஃபானா போனில் கத்தினாள்.

"குஞ்சு வெளிய வரட்டும் மகள்."

தாய் வண்டின் சத்தம் நின்று கனநாளாகியும் காத்திருந்தார். ஒரு காலையில் துளைக்குள்ளிருந்து பெரிய சிவப்பு வண்டொன்று ஊர்ந்து வந்தது. நிறம் பிடிக்காத குஞ்சாக்கும் என்று உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். மறுநாள் கொதியெண்ணெய் பட்டதுபோல் கை கொப்புளித்துவிட்டது.

மகள் சொல்லி அனுப்பிய தச்சன் முனீப் அன்றுதான் வந்தான். மூத்த ஆண்களை அண்ணன் முறையில் 'காக்கா' என்று அழைப்பவன், கையைப் பார்த்துச் சிரித்தான்.

"வண்டுக்குக் கைலாகு குடுக்கச் சொன்ன ஆரு காக்கா?"

உளியால் மரத்தைப் பிளந்து காட்டினான். அறைகளில் கருவண்டுக் குஞ்சு ஒன்றுகூட இல்லை. வெளியேறக் காத்திருந்த சிவப்பு வண்டுகள்தான்.

"இது கள்ளச் சாமான். கருவண்டுட துளைக்குள்ள பூந்து முட்டை போடும். இதுட குஞ்சு, அதுட குஞ்சையும் சேத்து வெச்ச தீனியையும் தின்டு வளரும். உங்கட ஆள்ட வம்சம் இதில இல்ல. இனி வெட்டலாந்தானே?"

ஸெய்னுதீன் அண்ணாந்து பார்த்தார். மேலே ஒரு சத்தமுமில்லை. சாய்ப்பில் கேட்டதெல்லாம் முனீப்பின் குரலும் உளியும்தான்.

"வெட்டு. ஆனா எல்லாத்தையும் இன்டைக்கே வேணாம்."

"அரைநாள் வேல காக்கா."

"தெரியும். இன்டைக்கு அளந்து மட்டும் வை. நாளைக்கு வந்து ஒரு பக்கத்தக் கழட்டு. மத்தப் பக்கத்தப் பொறகு பாப்பம்."

முனீப் ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்தான். அவர் முகத்தைப் பார்த்தவன், அளவு நாடாவை இழுத்தான்.